கத்தரிப்பூ நிறப் பூஞ்சை: இரண்டு துறைகளுக்கு ஓர் உரக்கடைக்காரரின் கடிதம்

பெறுநர்:
இராமநாதபுரம் மாவட்டத் தோட்டக்கலை, வேளாண்மைத் துறை அதிகாரிகள்
இராமநாதபுரம் மாவட்டப் பொது சுகாதாரத் துறை அதிகாரிகள்

ஐயா, அம்மா, வணக்கம்.

தங்கச்சிமடத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுவது முறையில்லை என்று தெரியும். தனித்தனியாக எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தோட்டக்கலை ஆபீஸில் "கண்ணு வலிக்கு எங்ககிட்ட ஏன் வர்றீங்க?" என்பார்கள். சுகாதார ஆபீஸில் "உரக்கடை விஷயமா? அடுத்த கட்டிடம்" என்பார்கள். நான் சொல்ல வந்த பொருளோ ஒன்றுதான். உங்களில் ஒருவருக்கு அது பயிர் மருந்து, இன்னொருவருக்கு நோய்க்கிருமி. அதன் பெயர் பர்பூரியோசிலியம் லிலாசினம். முன்பு பெசிலோமைசிஸ் லிலாசினஸ் என்று இருந்ததை 2011-ல் மாற்றினார்கள். கடைக்கு வருகிறவர்கள் "லிலாசினம் ஒரு கிலோ குடுங்க" என்பார்கள், அதோடு சரி.

மண்ணில் சாதாரணமாகக் கிடக்கிற பூஞ்சை அது. உங்கள் இரண்டு துறைகளும் அந்த இனத்தை அழைக்கிற பெயரிலேயே ஒற்றுமை இல்லை. பயிர்த் துறையின் துண்டறிக்கையில் பூஞ்சாணம், ஆஸ்பத்திரிச் சுவரில் பூஞ்சை, ஊருக்குள் பூசணம். மூன்றும் ஒன்றுதான் என்று எனக்கே சில வருடங்களுக்கு முன்புதான் உறைத்தது.

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு லாபமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் குண்டுமல்லி நாற்று எங்கெல்லாம் போகிறது என்று தோட்டக்கலைத் துறைக்குச் சொல்லத் தேவையில்லை. சுகாதாரத் துறைக்காகச் சொல்கிறேன். மணல் பாத்தியில் மல்லிகைக் குச்சியை ஊன்றி, வேர் பிடித்ததும் பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி பாம்பன் பாலம் தாண்டி அனுப்புகிறோம். மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் பூக்கிற மல்லிகையில் எங்கள் மணலில் வேர்விட்ட செடிகள் நிறைய உண்டு. மணல் பூமி வேர் விட நல்லது. வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் அதே மணல்தான் சௌகரியம். மணலின் இடுக்குகளில் அது சுலபமாக நகரும். கண்ணுக்குத் தெரியாது. செடி வெளுத்து, வளராமல் நிற்கும்போது பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகு கோர்த்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். இந்த வேரோடு நாற்று வெளியூர் போனால் புழுவும் கூடவே போகும். வாங்கியவர் இரண்டாவது வருடம் போனில் கூப்பிட்டு என்ன பேசுவார் என்பதை நாற்று வியாபாரிகளிடம் கேளுங்கள்.

முன்பெல்லாம் இதற்குப் போரேட் என்கிற விஷக் குருணை மருந்தைப் போட்டார்கள். வாடையே தலையைச் சுற்றும். வேலை செய்கிற பெண்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, குனிந்து, கையால் தூவுவார்கள். 2020 கடைசியோடு மத்திய அரசு அதைத் தடை செய்தது. நிறுத்த வேண்டிய மருந்துதான். அப்புறம் அந்த இடத்துக்கு வந்ததுதான் லிலாசினம்.

அது வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூற்புழுவின் பெண் வேரோரம் உட்கார்ந்து, கோழை மாதிரி ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டை விடும். மண்ணில் திரிகிற இந்தப் பூஞ்சையின் நூலிழை அந்தப் பையைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். முட்டை ஓட்டில் இருக்கிற புரதத்தையும் கைட்டின் என்கிற கெட்டிப் பொருளையும் கரைக்கிற நொதிகளைச் சுரந்து, துளை போட்டு உள்ளே இறங்கி, குஞ்சு பொரிக்கிறதுக்கு முன்னாடியே தின்றுவிடும். 1979-ல் பெரு நாட்டு உருளைக்கிழங்கு வயலில் ஜட்டாலா என்பவரும் கூட இருந்தவர்களும்தான் இதைக் கண்டு எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் மண்ணில் எடுத்த 251 என்கிற வகை இன்று பல நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. நம் ஊரில் டால்க் பவுடரில் கலந்து பாக்கெட்டாக வருகிறது. தொழு உரத்தில் சேர்த்துப் பாத்தியில் போட்டால் போதும். மண்ணும் கெடாது, மண்புழுவும் சாகாது.

பாக்கெட்டில் பச்சை முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், பச்சை என்றால் ஆபத்து குறைவு. ஆபத்து குறைவு என்பதை நாங்கள் கடைக்காரர்கள் ஆபத்தே இல்லை என்று மாற்றிவிட்டோம். நானும்தான். "ரசாயனமே இல்ல, சாப்பிட்டாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் காட்டியிருக்கிறேன். கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க. அந்த ஒரு கிராமில் லட்சக்கணக்கில் உயிருள்ள வித்துகள் இருக்கின்றன என்று பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கிறது. அதைத் தரத்துக்கு அத்தாட்சி என்று மட்டுமே படித்து வைத்திருந்தேன்.

இப்போது என் மதினி கதை. அண்ணன் மனைவி. பேர் வேண்டாம், இதை எழுதுவதற்கு அவர் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

2024-ல் ஒரு நாள் காலை, நாற்றங்காலில் தொழு உரத்தோடு லிலாசினம் கலந்துகொண்டிருந்தார். பாக்கெட் என் கடையில் வாங்கியது. எங்கள் இராமேசுவரம் தீவுக் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும், ஒரு திசையில் நிற்காது. சுழற்றி அடித்ததில் மணலும் உரத்தூளும் பவுடரும் சேர்ந்து முகத்தில் விழுந்தன. முந்தானை நுனியைப் பந்தாக உருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒத்தி, நல்லா ஒரு தேய் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் உறுத்தல். மூன்றாம் நாள் கண் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொன்னார். அண்ணன் மருந்துக் கடைக்குப் போய் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, கண்ணைப் பார்க்கவும் இல்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தது.

ஒரே நாளில் சிவப்பு அடங்கிவிட்டது. கடைக்காரர் நல்ல மருந்து கொடுத்தார் என்று வீட்டில் பேச்சு. உள்ளே நடந்தது வேறு. ஸ்டீராய்டு உடம்பின் காவலைத் தூங்க வைக்கிற மருந்து. வீக்கமும் சிவப்பும் அந்தக் காவலால் வருவது, அதனால் அது அடங்கும். காவல் இல்லாத வீட்டில் பூஞ்சை தாராளமாக வளரும். ஒரு வாரத்தில் கருவிழியில் மல்லிகை மொட்டு அளவு வெள்ளை. "பூ விழுந்திருச்சு" என்றார் பாட்டி.

மதுரைக்குப் போனோம். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது, பஸ்தான். ஜன்னலோரக் காற்று படாமல் கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பூஞ்சை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். எந்தப் பூஞ்சை என்று தெரிய வளர்த்துப் பார்க்க வேண்டும், நாள் ஆகும் என்றார்கள். அதுவரை நேட்டமைசின் என்கிற பூஞ்சை மருந்துச் சொட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். நானும் அண்ணனும் போனில் அலாரம் வைத்து முறை போட்டுக்கொண்டு விட்டோம். ராத்திரி மூன்று மணிக்கு வார்டு முழுக்க அலாரம் அடிக்கும். எல்லாக் கட்டிலிலும் யாராவது எழுந்து யாருக்காவது சொட்டு விட்டுக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் எங்களை மாதிரி விவசாயக் கூலிகள். ஒருவருக்குக் கதிரடிக்கும்போது உமி விழுந்தது. இன்னொருவருக்குப் பனை மட்டைக் கருக்கு. ஒரு பையனுக்குச் சீமைக்கருவேல முள்.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1994-ல் ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். 100-க்கு 65 பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் ஏதோ ஓர் அடி, கீறல். கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. அதில் முதலிடம் பியூசேரியம், அதுவும் வயல் மண்ணில் கிடப்பதுதான். லிலாசினம் அந்தப் பட்டியலில் முன்வரிசைக்காரன் கிடையாது. அபூர்வமாக வருவது. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த அபூர்வம்.

மதினி கண்ணில் எடுத்தது தட்டில் வளர்ந்ததை டாக்டரம்மா எனக்குக் காட்டினார். முதலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்ததாம், நான் பார்த்தபோது இளம் ஊதா. கத்தரிப்பூ நிறம். லிலாசினம் என்ற பேரே அந்த நிறத்தை வைத்து வந்தது. சீட்டில் பேரை எழுதினார். படித்துவிட்டு, "இது எங்க கடையில விக்கிற சாமான்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "விக்கிறீங்களா? எதுக்கு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. நூற்புழுக் கதையை நான் அவருக்குச் சொன்னேன். கண்ணுக்குள் அது என்ன செய்யும் என்று அவர் எனக்குச் சொன்னார். இருபது நிமிடம் பேசியிருப்போம். இந்தக் கடிதமே அந்த இருபது நிமிடம்தான்.

அவர் சொன்னதில் முக்கியமானது இது. பூஞ்சைக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது. 2013-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், அதில் மதுரை மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு, பியூசேரியம் புண்ணுக்கு வோரிகோனசோல் என்கிற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நேட்டமைசின்தான் மேல் என்று தெரிந்தது. அதனால் எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் நேட்டமைசின். (அந்த மருந்தும் மண்ணிலிருந்து வந்ததுதானாம், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் சுரப்பது.) லிலாசினம் அப்படியே தலைகீழ். ஆம்போடெரிசின் என்கிற பூஞ்சை மருந்துக்கு மசியாது, நேட்டமைசினுக்குப் பல சமயம் சரியாகக் கேட்காது, வோரிகோனசோலுக்குத்தான் கேட்கும். பேர் தெரிகிறவரை போன நாட்கள் எங்களுக்கு வீணான நாட்கள். போன முதல் நாளே நான் "பவுடர் கலக்கும்போது விழுந்தது, பாக்கெட் இதோ" என்று காட்டியிருந்தால் அந்தச் சந்தேகம் அப்போதே வந்திருக்கும். நாங்கள் சொன்னது "மண்ணு விழுந்துச்சு" என்பது மட்டும்தான்.

மருந்து மாற்றியபின் கண் பிழைத்தது. கண் பிழைத்தது என்றால் எடுக்க வேண்டி வரவில்லை என்று அர்த்தம். நடுக் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே விரல் காட்டினால் எத்தனை என்று சொல்வார், அவ்வளவுதான்.

என் பாக்கெட்டிலிருந்து போனதா, மணலில் ஏற்கெனவே கிடந்ததா? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை, ஆனால் பதில் தெரியாது. பாக்கெட்டில் இருக்கிற வகையையும் கண்ணில் எடுத்ததையும் மரபணு அளவில் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியுமாம். யாரும் ஒப்பிடவில்லை. ஒப்பிடச் சொல்லும் அதிகாரம் உங்கள் இரண்டு துறைகளுக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிறது. அந்தப் பாக்கெட்டைத் தயாரித்தவர்கள் மேல் நான் பழி போடவில்லை.

கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: இந்தப் பூஞ்சை மனித உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், வளராது. 251 என்கிற வகைக்கு அது உண்மை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கடைக்கு வருகிற எல்லாப் பாக்கெட்டுக்கும் அது உண்மையா? பல பாக்கெட்டுகளில் வகையின் எண்ணே இல்லை. இதே இனத்தில் 37-லும் வளர்கிற வகைகள் உண்டு. சரி, 37-ல் வளராது என்றே வைத்துக்கொள்வோம். கருவிழியின் மேற்பரப்பு 37 டிகிரி கிடையாது, 34-ஐ ஒட்டி இருக்கும். காற்றில் திறந்து கிடக்கிற உறுப்பு, ரத்தக் குழாய் இல்லாத உறுப்பு. நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் சொல்கிற சமாதானம் கண்ணுக்குப் பொருந்தாது. இதைக் கேட்க எனக்கு ஒரு டிகிரியும் தேவைப்படவில்லை, மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது போதும்.

கண் மட்டும்தானா என்றால், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குத் தோலிலும் வரும். 1993-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருந்தவர்களுக்குத் தடவிய லோஷனில் இந்தப் பூஞ்சை கலந்துபோய்ப் பலருக்குத் தொற்று பரவியது. சுத்தம் செய்கிற மருந்துகளுக்கும் லேசில் சாகாத பிறவி. நம் ஊரில் சர்க்கரைக்காரர் இல்லாத தெரு எது? மூட்டு வலிக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிற கிழவிகள் எத்தனை பேர்? அவர்களும் பாத்தியில் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள். மண்ணில் கிடக்கிற பூஞ்சை முள்ளோடு காலுக்குள் போய் வீங்கிப் புரையோடுகிற ஒரு நோய்க்கு உலகம் முழுக்க 'மதுரைக் கால்' என்று நம் பக்கத்து ஊர்ப் பேரையே வைத்திருக்கிறார்கள். நமக்கு இதெல்லாம் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

இப்போது நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது "லிலாசினத்தைத் தடை செய்" என்று கிளம்பிவிடக் கூடாது. 2021-ல் கறுப்புப் பூஞ்சை பயம் வந்தபோது என் கடையில் ஒரு மாதம், பயிருக்குப் போடுகிற இன்னொரு பூஞ்சையான டிரைக்கோடெர்மாகூட விற்கவில்லை. "அண்ணே, இதுவும் அதுதானா?" என்று பாக்கெட்டைத் தொடாமல் தள்ளி நின்று கேட்டார்கள். அதுவேறு, இதுவேறு என்று விளக்கி மாளவில்லை. தெரிந்த ஒருவர் எங்கோ பதுக்கி வைத்திருந்த பழைய குருணையைத் தேடிப் போனார். பாக்கெட்டைத் தூக்கிக் கடலில் போட்டாலும் இந்தப் பூஞ்சை மண்ணைவிட்டுப் போகாது, நமக்கு முன்னாடியே இருந்தது. குருணை திரும்பி வந்ததுதான் மிச்சமாகும். நூற்புழுவுக்கு இதைவிடப் பாந்தமான மருந்து என் கடையில் இல்லை, இன்றைக்கும் விற்கிறேன். விற்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன்.

தோட்டக்கலைத் துறைக்கு: மானியத்தில் இந்தப் பாக்கெட்டுகள் கொடுக்கும்போது கூடவே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கொடுங்கள். செலவு என்று சொல்லாதீர்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் இறங்குமுன் விரலுக்கெல்லாம் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் முங்குவார்கள். கண்ணைக் காக்கிற புத்தி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. அதே பெண்கள் பாசிக்குப் போகாத நாளில் நாற்றங்காலுக்கு வருவார்கள், அந்தக் கண்ணாடி வீட்டு ஆணியில் தொங்கும். தண்ணீரில் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத் தரையிலும் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நான் உட்பட. இன்னொன்று காசே இல்லாதது. பவுடரைக் காய்ந்த உரத்தில் கொட்டிக் கிளறாமல், முதலில் உரத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று கலக்கச் சொல்லுங்கள். தூசி பறக்காது. ஈரத்தில் பூஞ்சைக்கும் நல்லதுதான்.

பாக்கெட் அச்சு பற்றியும் பேச வேண்டும். "கண்ணில் பட்டால் தண்ணீரில் கழுவவும்" என்று எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். வகையின் எண் வேண்டும். "உறுத்தல் நிற்காவிட்டால் இந்தப் பாக்கெட்டோடு கண் டாக்டரிடம் போ, கடையில் சொட்டு வாங்கி விடாதே" என்று தமிழில் ஒரு வரி வேண்டும். உங்கள் பயிற்சிக் கூட்டங்களில் அந்த வரியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆலோசனை கேட்டு எழுதுங்கள்.

சுகாதாரத் துறைக்கு: மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கண் சொட்டு விற்பதை நிறுத்துவதற்குச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை. ஒரு சுற்று போய்ப் பார்த்தாலே பாதி நின்றுவிடும். கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அதிகாரி வருவார் என்ற பயம் எங்களுக்கு எந்தச் சுவரொட்டியைவிடவும் நன்றாக வேலை செய்யும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணில் ஒரு சாயத்தாள் ஒத்தி, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழிக் கீறல் பச்சையாக மின்னும். சின்ன வேலைதான். கீறல் தெரிந்தால் அன்றைக்கே களிம்பு, இரண்டாம் நாள் திரும்பப் பார்ப்பது, வெள்ளை தெரிந்தால் உடனே மேலே அனுப்புவது. நேபாளத்தில் பக்தபூர் பக்கம் 1990-களில் ஊர் ஊழியர்களை வைத்து இதைச் செய்தார்கள். கீறலோடு வந்த 442 பேரில் 100-க்கு 96 பேருக்குத் தொற்று இல்லாமல் ஆறிவிட்டது. 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. பிறகு அதே நாட்டில் பெரிய அளவில் செய்த சோதனையில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். களிம்பு மந்திரம் இல்லை. ஆனாலும் முதல் நாளே ஒரு நர்ஸ் கண்ணைப் பார்த்திருந்தால், அண்ணன் அந்தச் சொட்டை வாங்கியிருக்க மாட்டார்.

2022-லிருந்து இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கருவிழிச் சுரண்டலை அங்கே வளர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்தால் தனுஷ்கோடி முதல் சாயல்குடி வரை உள்ளவர்கள் மதுரைக்குப் பஸ் ஏறும் முன்பே பூஞ்சையின் பேரைத் தெரிந்துகொள்ளலாம். அங்கே லிலாசினம் என்று ஒரு முடிவு வந்தால் அந்தத் தாளின் நகல் ஒன்று தோட்டக்கலை ஆபீஸுக்குப் போகட்டும். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். தோட்டக்கலைத் துறையிடமிருந்து, எந்த ஊரில் எத்தனை பாக்கெட், எந்த வகை கொடுத்தோம் என்ற பட்டியல் கண் பிரிவுக்குப் போகட்டும். அந்த டாக்டரம்மா என்னிடம் கேட்ட "எதுக்கு?" என்ற கேள்வியை இனி ஒரு டாக்டரும் உரக்கடைக்காரனிடம் கேட்கத் தேவையிருக்காது.

நெல்லுக்கு ஓர் ஆபீஸ், மல்லிகைக்கு ஓர் ஆபீஸ், கண்ணுக்கு ஓர் ஆபீஸ். ஒரே ஒரு மத்தியானம் மூன்று பேரும் ஓர் அறையில் உட்காருங்கள். நான் பாக்கெட் கொண்டு வருகிறேன், மதினியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் கடையில் இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கயிறு கட்டி, பாசிக்காரப் பெண்கள் வாங்குகிற அதே மாதிரி கண்ணாடி பத்துப் பன்னிரண்டு தொங்கவிட்டிருக்கிறேன். லிலாசினம் வாங்குகிறவருக்கு ஒன்று, வாங்கின விலைக்கே. சிலர் சிரிக்கிறார்கள், "நீச்சலுக்காண்ணே?" என்று. நாக்கில் வைத்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் போன வாரம், "முன்ன தின்னு காட்டுவீங்களே, இப்ப என்ன?" என்று கேட்டார். மதினி அப்போது கடையில்தான் இருந்தார், சில்லறை எண்ணிக்கொண்டு, பத்து ரூபாய்த் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டு. நான் பதில் சொல்லவில்லை. ஒரு கண்ணாடியைக் கழற்றி வாடிக்கைக்காரர் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மானியப் பாக்கெட் எப்போது வரும், எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரிவித்தால் அதற்குத் தக்க கண்ணாடி வாங்கி வைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் உரக்கடைக்காரன்,
தங்கச்சிமடம்